மறு: ஊர் மலர் வரைவு, குடும்பத்துக்கு ஐயாயிரம்

அனைவருக்கும் வணக்கம்.

வீட்டுக்கு ஐயாயிரம் பிரித்து நம் பத்மநாபபுரத்தைப் பற்றி அச்சிடப்போகிற ஊர் மலருக்கு, தெக்கேவீட்டு அண்ணன் அனுப்பிய வரைவை ஊரில் வைத்தே படித்தேன். பதினாறு நாள் லீவு முடிந்து நேற்றுதான் மஸ்கட் திரும்பினேன். என் ஐயாயிரம் இன்னும் வரவில்லை என்று பேங்க் மாமா மூன்று தடவை ஞாபகப்படுத்திவிட்டார். தருகிறேன் மாமா. ஆனால் இந்த வரைவை இப்படியே அச்சுக்கு அனுப்புவதானால் தரமாட்டேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் மக்கள்தொகை. ‘நம் நகராட்சியில் இன்று 21 ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழ்கிறார்கள்’ என்று எழுதியிருக்கிறது. அது 2011 கணக்கு. 2021-ல் எடுக்க வேண்டியது கொரோனாவில் நின்றுபோனது, தலையெண்ணிக்கை இனி 2027-ல்தான். ஆகவே ‘இன்று’ என்ற சொல்லை எடுத்துவிட்டு 2011 என்று போடுங்கள். சின்ன விஷயம்தானே என்று துபாய் தம்பி எழுதியிருந்தான். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

எங்கள் வீட்டு வாசல் நிலைக்கு மேலே, 2010-ல் வீட்டுப் பட்டியல் எடுக்க வந்த டீச்சர் கறுப்பு மையில் எழுதிப் போன எண் இன்னும் இருக்கிறது. இரண்டு தடவை வெள்ளையடித்தும் அந்த இடத்தை மட்டும் அம்மை தொடவிடவில்லை. ‘சர்க்கார் எழுத்து, கெடக்கட்டும்’ என்பாள். அன்றைக்கு அந்தக் கதவுக்குள் ஏழு பேர் இருந்தோம். பாட்டா திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகச் சொல்ல, டீச்சருக்குச் சக்க வத்தலும் கட்டன் சாயாவும் கொடுத்தது நான்தான். இப்போது அம்மை ஒருத்தி. எங்கள் வரிசையில் பதினான்கு வீடு, அதில் ஐந்து பூட்டிக் கிடக்கிறது. மூன்றில் வயதானவர்கள் மட்டும். ராத்திரி எட்டு மணிக்கு முற்றத்தில் நின்று பார்த்தால் எரிகிற விளக்கை விரல்விட்டு எண்ணிவிடலாம். மாவட்டம் முழுக்க 2011-ல் ஆயிரம் ஆணுக்கு 1,019 பெண். வேலைக்கு வெளியே போன ஆண்களும் அந்தக் கணக்குக்கு ஒரு காரணம் என்றுதான் நான் நினைக்கிறேன். இந்தப் பகுதியை மலரில் யாராவது எழுதியிருக்கிறீர்களா? பாதிப் பக்கம்கூட இல்லை.

அடுத்து வரலாறு. அண்ணா, உங்கள் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் ‘ஆயிரம் ஆண்டுத் தலைநகர்’ என்று தலைப்புப் போடாதீர்கள். இரவி வர்மா குலசேகரப் பெருமாள் நம் பத்மநாபபுரம் அரண்மனை வேலையைத் தொடங்கியது 1601 வாக்கில். அதற்கு முன் அரசு இருந்தது பக்கத்தில் திருவிதாங்கோட்டில், திருவிதாங்கூர் என்ற பேரே அங்கிருந்து வந்ததுதான். 1795-ல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. அசல் கணக்கு இருநூறு வருஷத்துக்கும் குறைவு. அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? அந்தக் காலத்துக்குள்தான் மார்த்தாண்ட வர்மா 1741-ல் குளச்சலில் டச்சுக்காரனை அடித்தார், 1750-ல் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிவைத்தார், மண்ணாய் இருந்த கோட்டையைக் கல்லாக்கினார். குளச்சலில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் இந்த அரசுக்கே படைத்தலைவனாகி உதயகிரிக் கோட்டையில் அடக்கமாகியிருக்கிறார். அவர் கல்லறையில் லத்தீனோடு தமிழும் இருக்கிறது. உண்மையே இவ்வளவு இருக்கும்போது ஆயிரம் எதற்கு?

கல்குளம் என்ற பழைய பேர் வரைவில் ஒரே ஒரு இடத்தில், அதுவும் தாலுகா பேராக வருகிறது. அது நம் ஊரின் பேர். சிவராத்திரிக்குப் பன்னிரண்டு சிவன் கோயில் ஓடுகிறவர்கள் ஏழாவதாக வந்து நிற்பது கல்குளம் நீலகண்டசுவாமி கோயிலில், நம் கோட்டைக்குள். காவி வேட்டியும் கையில் விசிறியுமாக ‘கோவிந்தா கோபாலா’ என்று அவர்கள் வரும்போது பானகமும் மோரும் கொடுத்த தலைமுறைதான் இந்தக் குழுவில் பாதிப் பேர். நவராத்திரிக்கு சரஸ்வதி யானைமேல் ஏறி, வேளிமலை முருகனையும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையையும் கூட்டிக்கொண்டு திருவனந்தபுரம் போவதற்கு நாலு பக்கம் கொடுத்திருக்கிறீர்கள், சரி. சிவாலய ஓட்டத்துக்கு நாலு வரியாவது வேண்டாமா?

இப்போது யாரும் பேச விரும்பாத இடத்துக்கு வருகிறேன். வரைவில் கோட்டைச் சுவரோடு ஊர் முடிந்துவிடுகிறது. கோட்டை சுமார் 185 ஏக்கர்தான். நகராட்சியில் தக்கலையும் இருக்கிறது. சந்தை, பஸ் ஸ்டாண்ட், தாலுகா ஆபீஸ் எல்லாம் அங்கேதான். அங்கே சூஃபி ஞானி பீர்முகமது அப்பா தர்காவில் விடிய விடிய ஞானப்பாடல் பாடுகிற ராத்திரியில் பாட்டா எங்களைத் தோளில் வைத்துக் கூட்டிப்போயிருக்கிறார். 2016 கூட்டத்தில் ‘அது அவங்க ஊரு’ என்று மேலத்தெரு மாமா சொன்னதும், அதற்கு வைத்தியர் வீட்டுச் சின்னவன் எழுந்து போனதும் எல்லாருக்கும் நினைவிருக்கும். அவன் அதற்கப்புறம் ஒரு மடல்கூடப் போடவில்லை. என் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த ராத்திரி காரை எடுத்துக்கொண்டு ஓடிவந்தவன் அவன். அவன் தெரு இல்லாத மலரில் எங்கள் வீட்டுப் பேர் வர வேண்டாம்.

புவியியல் பக்கம் பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருக்கிறது. மேற்கே கடல், பக்கத்தில் வேளிமலை, இரண்டு பருவமழை என்று மூன்று வரி. நாம் குடித்தது, குளித்தது, வயல் நனைத்தது எல்லாம் புத்தன் அணையிலிருந்து வருகிற பத்மநாபபுரம் புத்தன் ஆற்றுத் தண்ணீர். நமக்கு அது ‘சானல்’. சானல் அடைத்தால் ஊரே முணுமுணுக்கும், தண்ணீர் விட்ட அன்று பிள்ளைகள் யாரும் வீட்டில் இருக்கமாட்டோம். இந்தத் தடவை போனபோது ஏலாவில், நம் வயல்வெளியில், நெல்லைக் காணோம். பாதி வாழை, மீதி பிளாட் கல். இடவப்பாதிக்கு, அதாவது தென்மேற்குப் பருவத்துக்குப் பெய்கிற தண்ணீர் நிற்க இடமில்லாமல் ரோட்டில் ஓடுகிறது. இதை எழுதுங்கள்.

1956 பற்றி ஒரு சொல். நவம்பர் 1-ல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்ததைப் பெரிய எழுத்தில் போட்டது நல்லது. ஆனால் அரண்மனை இன்றும் கேரள அரசின் பராமரிப்பில் இருப்பதை மறைக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டுப் பிரமாணப் பத்திரம் மலையாள வருஷக் கணக்கில் கொல்லம் ஆண்டு 1118, மலையாள எழுத்து. அதைப் பாட்டா தமிழில் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதிவைத்தேன். இரண்டும் சேர்ந்ததுதான் நாம். அந்தப் பிரமாணத்தின் முதல் தாளை மலருக்குத் தருகிறேன்.

கடைசியாகப் பணம். பேங்க் மாமா, 2019-ல் கோயில் குளத்துப் படிக்கட்டுக்கு வீட்டுக்கு மூவாயிரம் பிரித்தோம். தெக்குப் படி முழுக்கச் சரியாயிற்று, நானே பார்த்தேன். வடக்குப் படியில் நடுவில் நாலு கல் இன்னும் ஆடுகிறது. போன வியாழக்கிழமை அம்மை அதில்தான் வழுக்கினாள். எலும்புக்கு ஒன்றும் இல்லை, கணுக்கால் வீங்கிப் பத்து நாள் நடக்க முடியாது என்றார்கள். பிடித்துத் தூக்க ஆள் வர அரைமணி நேரம் ஆகியிருக்கிறது. அந்த வரிசையில் கூப்பிட்டால் கேட்கிற வீடு எத்தனை என்று மேலே எழுதிவிட்டேன்.

நீங்கள் தப்பு செய்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. எனக்கு நர்சிங் ஃபீஸ் கட்ட வழியில்லாமல் அப்பா உட்கார்ந்திருந்தபோது கேட்காமல் வந்து கொடுத்த கை உங்களுடையது. அதை மறந்து ஒரு வரியும் எழுதவில்லை. வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, மீதி யார் கையில் என்று ஒரு தாள் இந்தக் குழுவில் போடுங்கள். மீதி இருந்தால் முதலில் அந்த நாலு கல். பளபளப்புத் தாளில் 96 பக்கம் வேண்டாம், சாதாரணத் தாளில் அறுபது போதும்.

அண்ணா, கோட்டை, தக்கலை இரண்டு பக்கத்திலும் ஒவ்வொருவரும் தன் தெருவின் வீடுகளை எண்ணி அனுப்பட்டும், எத்தனை திறந்திருக்கிறது, எத்தனை பூட்டு என்று. தக்கலை பக்கத்துக்கு வைத்தியர் வீட்டுச் சின்னவனை நானே கூப்பிட்டுக் கேட்கிறேன். கணக்குத் தாள் வந்த அன்றே என் ஐயாயிரத்தைப் போட்டுவிடுகிறேன்.

வடக்குப் படியின் படம் நாலு இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
குளத்தங்கரை வீட்டு மூத்தவள்
மஸ்கட்