அப்பாவின் இடுப்பு ஸ்டென்ட்: மூன்று வருடம் கழித்து

முன்பு எழுதியது இதுதான்: அப்பாவுக்கு நடந்தால் பிட்டமும் தொடையும் பிடித்துக்கொள்ளும், நின்றால் விட்டுவிடும். வாயுப்பிடிப்பு என்று ஒரு வருடம் தைலம் தேய்த்தோம். கடைசியில் பார்த்தால், அடிவயிற்றில் பெருந்தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் அடைப்பு. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். "எத்தனை வருஷம் தாங்கும்?" என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

நேர்மையாகச் சொன்னால், இடது பக்கம் 14 மாதத்திலேயே மறுபடி சுருங்கியது. பயந்துபோனோம். ஆனால் வயிற்றைத் திறக்கவில்லை. தொடை வழியாக பலூன் விட்டு விரித்தார்கள், மறுநாள் கடலூர் முதுநகர் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

இது அபூர்வம் இல்லையாம். இந்த இடத்தில் பெரிய அடைப்புகளுக்கு ஸ்டென்ட் வைத்தவர்கள் பற்றி 2010-ல் வந்த தொகுப்பாய்வில், 4, 5 வருடம் கழித்து மறுசிகிச்சை இல்லாமலே திறந்திருந்தவை 60 முதல் 86 சதவீதம். இப்படி மறுபடி சரிசெய்ததையும் சேர்த்தால் 80 முதல் 98. முழங்காலுக்குக் கீழே உள்ள மெல்லிய குழாய்களைவிட இடுப்புத் தமனியில் ஸ்டென்ட் நன்றாகவே தாங்குகிறது.

கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கையோடு ஒப்பிடும் அளவு 0.55-லிருந்து 0.93 ஆகியிருக்கிறது, 0.9-க்குக் கீழே போனால்தான் கவலை. ஆஸ்பிரினும் கொழுப்பு மாத்திரையும் தொடர்கின்றன. பீடியைத்தான் உடனே விட முடியவில்லை, இந்தப் பலூன் சிகிச்சைக்குப் பிறகே விட்டார். அம்மா இன்னும் சட்டைப்பையைத் தடவிப் பார்க்கிறாள்.

இப்போது சில்வர் பீச்சில் நிற்காமல் நடக்கிறார். நான்தான் பின்தங்குகிறேன்.