ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே: விடைக்கோழிகள் ஒவ்வொன்றாய் விழுகின்றன

பவானிக்கரையாள்:

வணக்கம். கோபிசெட்டிபாளையம் பக்கம் வாய்க்கால் ஓரத்தில் எங்கள் வீடு. பத்தொன்பது ஆண்டுகளாகக் கோழி வளர்க்கிறேன். என் மாமியார் வைத்திருந்த சிறுவிடை என்ற நாட்டுக்கோழி வம்சம்தான் இன்றும் களத்தில் மேய்கிறது. வெள்ளைக்கழிச்சல் நோய் வந்து ஒரே வாரத்தில் பாதிக் கோழிகளை வாரிக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். அம்மை பார்த்திருக்கிறேன். ஆனால் இப்போது வந்திருப்பது போல ஒன்றை இதுவரை பார்த்ததில்லை.

சித்திரையில் சந்தையிலிருந்து இருபது குஞ்சுகள் வாங்கி வந்து என் கோழிகளோடு விட்டேன். நன்றாகத்தான் வளர்ந்தன. ஆடி முடியும் சமயம், ஒரு நாள் காலையில் கோழிகளை மூடி வைக்கும் பஞ்சாரத்தைத் தூக்கினேன். மற்றவை எல்லாம் கம்புக்கு ஓடி வந்தன. செவலை விடைக்கோழி, இன்னும் முட்டையிடாத இளம்பெட்டை, மட்டும் அப்படியே கிடந்தது. ஒரு கால் முன்னே நீட்டியிருக்கிறது, மற்றொன்று பின்னே நீட்டியிருக்கிறது. கண் தெளிவாக இருக்கிறது. கம்பை அருகில் வைத்தால் ஆவலாகக் கொத்துகிறது. எழுந்து நிற்கத்தான் முடியவில்லை.

தண்ணீரில் வைட்டமின் மருந்து கலந்து பத்து நாள் கொடுத்தேன். காலுக்கு நல்லெண்ணெய் தடவி நீவிவிட்டேன். துணியில் தொட்டில் கட்டி நிறுத்திப் பார்த்தேன். தின்னத் தின்ன இளைத்தது. நெஞ்செலும்பு கத்தி முனை போலக் கையில் தட்டுப்பட்டது. பன்னிரண்டாம் நாள் போய்விட்டது. அதற்குப் பின் ஐந்து வாரத்தில் இன்னும் ஆறு. ஒன்றுக்கு இறக்கை தொங்கியது. ஒன்றுக்கு ஒரு கண் மட்டும் சாம்பல் பூத்து, கருவிழியின் நடுப்புள்ளி வட்டமாக இல்லாமல் ஒழுங்கற்றுப் போனது. எட்டாவது கோழி இறந்ததும் கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றேன். அறுத்துக் காட்டினார்கள். தொடைக்குள் ஓடும் நரம்பு ஒரு காலில் மெலிதாகவும் மற்றக் காலில் இரண்டு மடங்கு தடித்தும் இருந்தது. கல்லீரலில் வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள். மேரெக்ஸ் என்ற வைரஸ் நோய் என்றார்கள்.

எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் பட்டியைக் காலியாகப் போடு என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். இருபத்து மூன்று கோழிகள் மீதம் இருக்கின்றன. அவற்றில் ஒன்பது மாமியார் வம்சத்துத் தாய்க்கோழிகள். அவற்றுக்கு இன்றுவரை ஒரு குறையும் இல்லை. அவற்றையும் எப்படிக் கழிப்பேன்? இந்த முட்டையைச் சாப்பிடலாமா? அடை வைக்கலாமா? வீட்டில் ஏழு வயதுப் பேத்தி கோழிகளோடேதான் விளையாடுகிறாள். அவளுக்கு ஏதேனும் ஆகுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாட்டுக்கோழி நேசன்:

கவலைப்படாதீர்கள் அக்கா. எங்கள் சேவல் ஒன்றும் இப்படித்தான் விழுந்தது. சீரகம், மிளகு, மஞ்சள், சின்ன வெங்காயம், கீழாநெல்லி எல்லாம் அரைத்து உருண்டை பிடித்துக் கொடுத்தேன். பத்தே நாளில் எழுந்து நடந்தது. செய்து பாருங்கள்.

கால்நடை மருத்துவர்:

அம்மா, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். பேத்திக்கு ஒன்றும் ஆகாது. இந்த வைரஸ் மனிதரைத் தொற்றுவதில்லை. நலமாக இருக்கும் கோழிகளின் முட்டையைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். மெலிந்து, கட்டி வந்த கோழியை மட்டும் சமைக்க வேண்டாம். ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்துவிடுங்கள்.

தம்பி நேசன் சொன்ன சேவல் பிழைத்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அதற்கு வந்தது மேரெக்ஸ் என்று அறுத்துப் பார்த்து உறுதி செய்யவில்லை. கால் விழுவதற்குக் காரணங்கள் பல. இளங்குஞ்சுக்கு வைட்டமின் பி2 குறைந்தால் விரல்கள் உள்ளே சுருண்டுவிடும். மருந்து கொடுத்தால் சீக்கிரமே தேறும். வெள்ளைக்கழிச்சலில் கழுத்து முறுக்கும், கால் இழுக்கும். அடிபட்டிருக்கலாம், கெட்டுப்போனதைத் தின்றிருக்கலாம். உங்கள் கோழிகளிலோ மூன்று அடையாளங்கள் சேர்ந்து வந்திருக்கின்றன: ஒரு பக்கத்து நரம்பு மட்டும் தடித்தது, ஒரு கண் சாம்பலானது, மூன்று நான்கு மாத வயதிலேயே கல்லீரலில் கட்டி வந்தது. லூக்கோசிஸ் என்ற நோயிலும் கல்லீரலில் கட்டி வரும். ஆனால் அது நான்கு மாதத்துக்கு மேற்பட்ட கோழிகளுக்கு வருவது, நரம்பைத் தொடாது.

1907ஆம் ஆண்டு ஹங்கேரி நாட்டுக் கால்நடை மருத்துவர் யோசெப் மாரெக், கால் விழுந்த நான்கு சேவல்களை ஆராய்ந்து இந்த நோயை முதன்முதலில் விவரித்தார். அவர் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. காரணம் ஹெர்பிஸ் வகை வைரஸ் என்பது 1960களின் இறுதியில்தான் தெரிந்தது. இறகின் வேர்க்குழியில் அது முழுமையாக வளர்ந்து, பொடுகோடு சேர்ந்து உதிர்கிறது. அந்தத் தூசியை மூச்சில் இழுக்கும் கோழிக்குத் தொற்றுகிறது. இரண்டு வாரத்தில் அந்தக் கோழியும் வைரஸை உதிர்க்கத் தொடங்கும், வாழ்நாள் முழுதும் உதிர்க்கும். கூளத்திலும் தூசியிலும் பல மாதங்கள் உயிரோடு கிடக்கும். சந்தைக் குஞ்சுகளோடு வந்திருக்கலாம். அல்லது உங்கள் தாய்க்கோழிகள் வெளியே தெரியாமல் வெகுகாலமாகச் சுமந்து வந்து, எதிர்ப்புச் சக்தி இல்லாத புதுக் குஞ்சுகளுக்குக் கொடுத்திருக்கலாம். இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு, ஆகவே யார் மீதும் பழி போட வேண்டாம்.

விழுந்த கோழிக்கு மருந்து கிடையாது. அதை மென்று விழுங்காமல் சொல்லிவிடுவதே நல்லது. தடுப்பூசி இருக்கிறது. வான்கோழிகளிடம் காணப்படும், கோழிக்கு நோய் தராத ஓர் உறவுக்கார வைரஸைக் கொண்டு 1970 வாக்கில் உருவாக்கினார்கள். ஆனால் பொரித்த அன்றே கழுத்துத் தோலுக்கடியில் போட வேண்டும். தொற்று நுழைந்த பிறகு போட்டுப் பயனில்லை. இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள்: இந்த ஊசி கட்டி வராமல் காக்கும், தொற்றைத் தடுக்காது. ஊசி போட்ட கோழி நோயின்றி நடமாடிக்கொண்டே வைரஸை உதிர்க்கலாம்.

ஆனைமலைத் தோட்டத்தான்:

அம்மணி, உங்கள் செவலையைப் பற்றிப் படித்ததும் இரவு தூக்கம் வரவில்லை. ஆறு ஆண்டுக்கு முன் எங்கள் தென்னந்தோப்பில் நடந்ததை அப்படியே நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். நாற்பத்தொரு கோழிகளில் முதல் ஆண்டு பதினேழு போயின. அடுத்த ஆண்டு ஒன்பது. அதற்கடுத்து மூன்று. போன ஆண்டு ஒன்றே ஒன்று. நோய் எங்கள் தோட்டத்தை விட்டுப் போகவில்லை. நாங்கள்தான் அதோடு வாழப் பழகிக்கொண்டோம்.

தாய்க்கோழிகளைக் கழிக்காதீர்கள். வேலியைத் தாண்டிக் காற்று வருகிறது, பக்கத்து வீட்டுக் கோழி வருகிறது, நம் செருப்பிலேயே தூசி வருகிறது. காலி செய்துவிட்டு ஆறு மாதம் கழித்துப் புதுக் கோழி வாங்கினால், இந்த நோயையே அறியாத வம்சத்தைக் கொண்டு வந்து அதன் வாயில் வைத்தது போல ஆகும். உங்கள் ஒன்பது கோழிகளும் அந்தத் தூசிக்குள்ளேயே இருந்து தாங்கி நிற்கின்றன. தாங்கும் தன்மை பரம்பரையாக இறங்குவது என்று எங்கள் மருத்துவரும் சொன்னார். இனி உங்களுக்குக் குஞ்சு வேண்டுமென்றால் அவற்றின் முட்டையிலிருந்துதான் வர வேண்டும்.

இந்த வைரஸ் முட்டைக்குள் போவதில்லை. அது நமக்குக் கிடைத்த பெரிய பாக்கியம். ஆனால் அடைக்கோழியின் சிறகுக்குள் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு ஆண்டு ஆயிற்று. முட்டையைத் துடைத்து, புதுக் கூடையில் வைத்து, அதே கோழியை அடைக்கு உட்கார வைத்தேன். பொரித்த குஞ்சுகள் முதல் மூச்சிலேயே தாயின் இறகுத் தூசியை இழுத்தன. தாயின் முட்டைக்கருவோடு வரும் எதிர்ப்புச் சக்தி மூன்று வாரம் போலக் கொஞ்சம் காக்கிறது, அதற்கு மேல் இல்லை.

தாய்க்கோழி இல்லாமல் குஞ்சு வளர்ப்பது எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. தாய் கிளறிக் கூப்பிட்டுக் காட்டும் கரையானைத் தின்று வளர வேண்டிய குஞ்சு அல்லவா! இருந்தும் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு சின்ன இன்குபேட்டர் ஒன்று வாங்கினேன். அதைத் தம்பி வீட்டில் வைத்தேன். அங்கே கோழி கிடையாது, தோட்டத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர். பொரித்த அன்று ஊசி. பிறகு அங்கேயே அட்டைப்பெட்டியில் புது உமி பரப்பி, குண்டு பல்பு வெளிச்சத்தில் வளர்த்தோம். தம்பி மனைவிதான் பார்த்துக்கொண்டாள். நான் போனால் குளித்து, வேறு வேட்டி கட்டி, செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போவேன். ஊசி வேலை செய்யத் தொடங்க ஒன்றிரண்டு வாரம் வேண்டும், அதற்குள் தூசி முந்திவிடக் கூடாது. நான் ஆறு வாரம் வரை அங்கேயே விட்டுவைப்பேன்.

ஊசி மருந்து பெரும்பாலும் ஆயிரம் குஞ்சுக்கான குப்பியாகத்தான் வருகிறது. பதினைந்து குஞ்சு வைத்திருப்பவன் என்ன செய்வான்? கலக்கிவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். நாங்கள் ஐந்து வீட்டார் பேசி ஒரே நாளில் முட்டை வைத்தோம். இருபத்தோராம் நாள் மருத்துவர் பனிக்கட்டிப் பெட்டியோடு வந்தார். எண்பத்தாறு குஞ்சுகள். குஞ்சுக்கு 0.2 மில்லி. செலவைப் பங்கு போட்டால் பெரிதாகத் தெரியவில்லை.

பழைய பட்டிக்கு: கூளம் முழுவதையும் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகு அள்ளுங்கள். உலர்ந்த நிலையில் பெருக்கினால் நோயை நீங்களே வீடெங்கும் விதைக்கிறீர்கள். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். சிலந்தி வலையில்தான் இறகுத் தூசி அதிகம் தங்கும், அதை மறக்காமல் ஒட்டடை அடியுங்கள். பிறகு சுண்ணாம்பு பூசுங்கள். குடற்புழு நீக்கம், இரத்தக்கழிச்சல், பேன் இவற்றைச் சரியாகக் கவனியுங்கள். வேறு நோயில் தளர்ந்த கோழியையும், முதல் முட்டைக்கு நெருங்கும் விடைக்கோழியையும் இது சீக்கிரம் சாய்க்கிறது. எங்களிடம் போனவற்றில் பெட்டைகளே அதிகம்.

விழுந்த கோழியைப் பற்றி ஒன்று. நானும் தொட்டில் கட்டியவன்தான். கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்து இருபது நாள் ஊட்டினேன். அது எனக்குத்தான் ஆறுதல், கோழிக்கு வேதனை. இப்போது மூன்று நாள் பார்ப்பேன். தண்ணீர்க் கிண்ணத்துக்குத் தானாக நகர முடியவில்லை என்றால் அன்றே அதன் துன்பத்தை முடித்துவிடுவேன். ஒவ்வொரு முறையும் கை நடுங்குகிறது.

நாட்டுக்கோழி நேசன்:

மருத்துவர் ஐயா சொன்னது சரி. எங்கள் சேவலுக்கு விரல்தான் சுருண்டிருந்தது, கண்ணிலோ இறக்கையிலோ எதுவும் இல்லை. விவரம் தெரியாமல் எழுதிவிட்டேன் அக்கா, மன்னியுங்கள். ஊசிக்கு ஆள் சேர்ப்பதாக இருந்தால் சொல்லுங்கள். நான் அந்தியூர்தான், என்னிடமும் முட்டை இருக்கிறது.

பவானிக்கரையாள்:

தை பிறந்ததும் எழுதலாம் என்று காத்திருந்தேன். ஐப்பசிக்குள் இன்னும் நான்கு போயின, எல்லாமே சந்தைக் குஞ்சுகள். தாய்க்கோழிகள் ஒன்பதும் அப்படியே இருக்கின்றன. போன நான்கில் கொக்கு வெள்ளை நிறக் கோழிக்கு மட்டும் மூன்று நாள் முடிந்த அன்று, அண்ணன் சொன்னபடியே செய்தேன். பேத்தி பள்ளிக்குப் போயிருந்த நேரம். மாலையில் வந்து கேட்டாள், உண்மையையே சொன்னேன். குழியின் மேல் செம்பருத்திக் குச்சி ஒன்றை நட்டுவிட்டு வந்தாள்.

நேசன் தம்பியும் இங்கே இரண்டு வீட்டாரும் சேர்ந்தார்கள். என் தங்கை வீட்டு மாடியில் இன்குபேட்டர் வைத்தோம். இருபத்து நான்கு முட்டையில் பதினேழு பொரித்தன. மார்கழிக் குளிரில் பல்பு போதவில்லை, முதல் இரவே இரண்டு இறந்தன. பிறகு பெட்டிக்கு மேல் சாக்கு போட்டு மூடினோம். பதினைந்துக்கும் ஊசி போட்டாயிற்று. இன்று முப்பத்தெட்டாம் நாள். அதில் ஒன்று அச்சு அசலாக என் மாமியாரின் முதல் கோழி போலவே கழுத்தில் பொன்னிறம் போட்டு வருகிறது.

அண்ணா, நீங்கள் ஆறு வாரம் என்றீர்கள். இன்னும் நான்கு நாள் இருக்கிறது. களத்துக்குக் கொண்டு வந்ததும் பெரிய கோழிகளோடு சேர்த்தே விடலாமா?

ஆனைமலைத் தோட்டத்தான்:

மெத்த மகிழ்ச்சி அம்மணி. உடனே சேர்க்க வேண்டாம். களத்தின் காற்று வரும் பக்கமாக வலை கட்டி, பத்து நாள் தனியே வையுங்கள். பெரிய கோழிகள் கொத்தித் துரத்தினால் அந்த அலைச்சலிலேயே குஞ்சுகள் தளர்ந்துவிடும். சேர்க்கும் முன் குடற்புழு மருந்து கொடுத்துவிடுங்கள். பிறகு நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை தினமும் காலையில் பஞ்சாரத்தைத் தூக்கும்போது நடையைப் பாருங்கள். அந்தப் பொன்கழுத்து பெட்டையா, சேவலா?

பவானிக்கரையாள்:

பெட்டை, அண்ணா.