பந்தும் பல்பும் வைத்துப் பிறை காட்டும்போது ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கிரகணம் விழுகிறதே, என்ன செய்வது?

பாடக்குறிப்பு (கேள்வி)

ஐந்தாம் வகுப்புக்கு வளர்பிறை, தேய்பிறை பாடம். எல்லாரும் செய்கிற செய்முறைதான். இருட்டறை, நடுவில் ஒரு பல்பு, பென்சிலில் குத்திய வெள்ளைப் பந்து. பிள்ளையின் தலை பூமி, பந்து நிலா, பல்பு சூரியன். பந்தைக் கை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே இடப்பக்கமாக மெல்லத் திரும்பினால் பிறை வளர்ந்து, பாதியாகி, முழுதாகி, பிறகு தேய வேண்டும்.

மூன்று இடத்தில் இடிக்கிறது.

1. பல்புக்கு முதுகு காட்டும் இடம்தான் பௌர்ணமி. அங்கே தலையின் நிழல் பந்தை முழுசாக மூடிவிடுகிறது. "அப்ப மாசா மாசம் கிரகணமா?" என்று கேட்கிறார்கள். நிலாவின் பாதை 5 டிகிரி சாய்ந்திருக்கிறது என்று சொல்லி, கணக்குப்படி பந்தை 5 செ.மீ. உயர்த்தினாலும் நிழலுக்குள்ளேயேதான் இருக்கிறது.

2. பந்தின் இருண்ட பக்கம் இருட்டாகவே இல்லை, சாம்பல் நிறத்தில் மினுங்குகிறது. பிறையின் விளிம்பு தெரிவதில்லை.

3. இதைப் பார்த்த பிறகும் பாதிப் பேர், பிறை என்பது நிலா மேல் விழும் பூமியின் நிழல் என்றுதான் எழுதுகிறார்கள்.

எதை மாற்ற வேண்டும்?

---

நிழற்கோல்

5 டிகிரி சரி. பந்து நிற்கிற தூரம்தான் தப்பு.

தலையின் அகலம் சுமார் 18 செ.மீ. கை நீளம் 60 செ.மீ. அதாவது உங்கள் நிலா மூன்றரைப் பூமி அகலத்துக்கும் குறைவான தூரத்தில் நிற்கிறது. உண்மையில் பூமியின் விட்டம் 12,742 கி.மீ., நிலாவின் சராசரித் தூரம் 3,84,400 கி.மீ. அது முப்பது பூமி அகலம். தலை 18 செ.மீ. என்றால் பந்து 5.4 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அந்தத் தூரத்தில் 5 டிகிரி என்பது கிட்டத்தட்ட 48 செ.மீ. உயரம். கை நீளத்தில் அதே கோணம் வெறும் 5 செ.மீ. ஆகச் சுருங்கிவிடுகிறது, தலையின் நிழலைத் தாண்ட அது எப்படிப் போதும்?

இன்னொரு கோளாறும் சேர்கிறது. சூரியன் பூமியைவிட 109 மடங்கு அகலம் என்பதால் பூமியின் கருநிழல் (சூரியன் முழுசாக மறைந்துபோகும் நடு நிழல்) போகப் போகக் கூம்பாகக் குறுகுகிறது. நிலா இருக்கும் தொலைவில் அதன் அகலம் சுமார் 9,200 கி.மீ.தான். உங்கள் பல்போ தலையைவிடச் சிறியது, அதனால் நிழல் போகப் போக விரிகிறது. பல்பு 2 மீட்டரில் இருந்தால் கை நீளத்தில் 18 செ.மீ. தலைக்கு 23 செ.மீ. நிழல் கிடைக்கும். சின்னதாக வேண்டிய இடத்தில் பெரிதாக இருக்கிறது.

ஆகவே இரண்டு தனிச் செய்முறையாகப் பிரித்துவிடுங்கள்.

பிறை காட்ட: பௌர்ணமி இடத்தில் பந்தைக் கண் மட்டத்திலிருந்து 20 செ.மீ. ஆவது தூக்கச் சொல்லுங்கள். அமாவாசை இடத்தில் அதே அளவு இறக்க வேண்டும், பல்பு பந்துக்கு மேலே தெரியும். இரண்டு அரைநிலா இடங்களிலும் கண் மட்டம். அளவு மிகை என்பதைப் பிள்ளைகளிடம் ஒளிக்காதீர்கள். "நிலாவை ரொம்பக் கிட்டே வைத்திருக்கிறோம், அதனால்தான் இவ்வளவு தூக்குகிறோம்" என்றால் போதும்.

கிரகணம் ஏன் அரிது என்று காட்ட: நீளமான வராந்தா, 5.4 மீட்டர் நூல். ஒரு முனையில் ஒரு பிள்ளையின் தலை, மறு முனையில் 5 செ.மீ. பந்து. (18-க்கு 5 என்பது பூமி–நிலா விகிதத்துக்கு அருமையாகப் பொருந்தும்.) கறுப்பு அட்டையில் 13 செ.மீ. விட்டமுள்ள வட்டம் வெட்டி, பந்து நிற்கும் இடத்தில் கண் மட்டத்தில் பிடியுங்கள். அதுதான் பூமியின் கருநிழல். இப்போது பந்தைக் குச்சியில் 48 செ.மீ. மேலே தூக்குங்கள். நிழல் வட்டம் எங்கேயோ கீழே கிடக்கும். பிறகு மெல்ல இறக்கி வாருங்கள். பந்தின் நடு, வட்டத்தின் நடுவிலிருந்து 9 செ.மீ. அருகே வரும்போதுதான் விளிம்பு முதலில் தொடும். 48-லிருந்து 9 வரை எத்தனை பௌர்ணமி தப்பிப் போகும் என்பதைக் கண்ணே சொல்லிவிடும்.

அந்த 5 செ.மீ. பந்து 5.4 மீட்டரில் எவ்வளவு சிறியதாகத் தெரிகிறதோ, வானத்தில் நிலாவும் அவ்வளவுதான், அரை டிகிரி. பாடப்புத்தகப் படங்களில் பூமிக்குப் பக்கத்திலேயே நிலாவை ஒட்டி வைத்து வரைவதால் வருகிற வினை இதெல்லாம். இதே அளவில் சூரியன் கிட்டத்தட்ட 20 மீட்டர் அகலம், 2 கி.மீ.-க்கும் சற்று அதிகமான தூரம். அதை வராந்தாவில் வைக்க முடியாது, சொல்லித்தான் விளங்கவைக்க வேண்டும்.

---

திரிவிளக்கு

இரண்டாவது சிக்கலுக்கு என் பதில். நீங்கள் வைத்திருப்பது மேசைப் பந்தாட்டப் பந்துதானே? அதற்குள் வெளிச்சம் ஊடுருவும். ஒரு பக்கம் விழுந்த ஒளி உள்ளே சிதறி மறுபக்கத்தையும் மினுக்கிவிடும். சின்னத் தெர்மாகோல் பந்திலும் இது கொஞ்சம் உண்டு. களிமண் உருண்டை பிடித்துக் காயவைத்து, சுண்ணாம்போ பளபளப்பில்லாத வெள்ளைப் பெயின்டோ அடியுங்கள். பளபளப்பு பெயின்ட் வேண்டாம். பல்பின் பிம்பம் ஒரு புள்ளியாக மின்னி, கண் அதையே பார்க்கும்.

அடுத்தது அறை. வெள்ளைச் சுவர் பக்கத்தில் இருந்தால் அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சமே இருண்ட பக்கத்தை நரைக்கவைக்கும். பந்து பிடிப்பவருக்கும் சுவருக்கும் 2 மீட்டர் இடைவெளி விடுங்கள், அல்லது சுவரில் கறுப்புத் துணி. வெள்ளைச் சட்டைகூடக் கெடுக்கும்.

பல்பு: எல்இடி பல்பைச் சாதாரணமாக நிமிர்த்தி வைத்தால் வெளிச்சம் அதிகமும் மேல்நோக்கிப் போகும். படுக்கவைத்து முகம் பிள்ளையைப் பார்க்கத் திருப்பினால், ஒருவர் மட்டும் செய்யப் போதும். வட்டமாக நிறையப் பேர் நிற்கிறார்கள் என்றால் எல்லாப் பக்கமும் சமமாக எரியும் இழை பல்பு மேல். அது சுடும், எட்டாத உயரத்தில் இருக்கட்டும் என்று நினைத்துத் தலைக்கு மேலே தொங்கவிடாதீர்கள். பந்தின் மேல்பக்கம் ஒளிர்ந்து பிறை கவிழ்ந்துபோகும். பல்பு கண் மட்டத்தில் இருக்க வேண்டும்.

திரும்பும் திசை முக்கியம். இடப்பக்கம் திரும்பினால் முதலில் பந்தின் வலப்பக்கம் ஒளிரும். அது வடக்கு அரைக்கோளத்து வளர்பிறை. தெற்கே இருப்பவர்களுக்கு நிலா தலைகீழ், ஒளி இடப்பக்கம். நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர்களில் பிறை படகு மாதிரி மல்லாந்து கிடக்கும்.

---

பாடக்குறிப்பு

இரண்டு பேருக்கும் நன்றி. பந்து விஷயம் அப்படியே சரி, மேசைப் பந்தாட்டப் பந்துதான். ஆனால் சாய்வு இருப்பதால் கிரகணம் தப்புகிறது என்றால், எப்போதுமே தப்ப வேண்டியதுதானே? சில பௌர்ணமிக்கு மட்டும் ஏன் மாட்டுகிறது? அடுத்த கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

---

துருவன்7

சாய்ந்த பாதை, சூரியனைச் சுற்றிப் பூமி போகும் தளத்தை இரண்டு புள்ளிகளில் வெட்டும். அவற்றைக் கணுக்கள் என்பார்கள். ராகு, கேது என்ற பெயர்கள் இந்த இரண்டு புள்ளிகளுக்கு உரியவைதான், பாம்பு எதுவும் அங்கே இல்லை. நிலா கணுவுக்குப் பக்கத்தில் இருக்கும்போது அமாவாசையோ பௌர்ணமியோ வந்தால்தான் கிரகணம்.

இதை வாயால் சொன்னால் ஏறாது. ஒரு சட்டம் செய்யுங்கள்:

விறைப்பான கம்பியில் 40 செ.மீ. விட்டமுள்ள வளையம். கனமான அட்டையில் அதைவிட ஒரு செ.மீ. பெரிய வட்ட ஓட்டை. வளையத்தை ஓட்டைக்குள் வைத்து, நேரெதிரான இரண்டு இடங்களில் மட்டும் மெல்லிய கம்பியால் அட்டையோடு கட்டுங்கள். அந்த இரண்டு கட்டும் கணுக்கள். இப்போது வளையத்தைச் சற்றே திருப்பினால் ஒரு பாதி அட்டைக்கு மேலேயும் மறு பாதி கீழேயும் போகும். மேலேறிய பாதியின் உச்சி 1.8 செ.மீ. இருக்கட்டும், அதுதான் 5 டிகிரி. ஓட்டையின் நடுவில் நூலில் ஒரு மணி கோத்துக் கட்டினால் பூமி. அட்டையில் ஒரு அம்புக்குறி வரைந்து அறையின் ஏதாவது ஒரு சுவரைக் காட்டச் செய்யுங்கள்.

இனி அட்டையைத் தரைக்கு இணையாகப் பிடித்துக்கொண்டு பல்பைச் சுற்றி நடக்க வேண்டும். அம்புக்குறி எப்போதும் அதே சுவரையே காட்ட வேண்டும். இங்கேதான் எல்லாரும் தவறுவது. நடக்கும்போது உடம்போடு சேர்த்து அட்டையும் திரும்பிவிடும், அப்புறம் எந்த இடத்திலும் ஒரே காட்சிதான். கையில் அட்டை, முகம் எப்போதும் அந்தச் சுவரை நோக்கி. பக்கவாட்டிலும் பின்னோக்கியும் நடக்க வேண்டி வரும், பரவாயில்லை.

நான்கு இடங்களில் நின்று, கண்ணை அட்டை மட்டத்துக்கு இறக்கிப் பாருங்கள். இரண்டு இடங்களில் கட்டு, மணி, கட்டு, பல்பு எல்லாம் ஒரே கோட்டில் வரும். கிரகணம் நடக்கக்கூடிய காலம் அது. மற்ற இரண்டில் பல்பை நோக்கியும் அதற்கு எதிரேயும் இருப்பது வளையத்தின் மேல் உச்சியும் கீழ் உச்சியும். அங்கே கிரகணம் இல்லை. ஒரு சுற்றில் இரண்டு வாய்ப்பு, அதாவது ஆண்டுக்கு இரண்டு முறை. சரியாக ஆறு மாதம் இல்லை, சுமார் 173 நாளுக்கு ஒரு முறை. கணுக்களும் மெல்லப் பின்னோக்கி நகர்ந்து 18.6 ஆண்டில் ஒரு சுற்று முடிப்பதால்தான் இந்தக் குறைவு.

2025-ஐ எடுத்துக்காட்டாகப் பலகையில் எழுதுங்கள். மார்ச் 14 முழுச் சந்திர கிரகணம், மார்ச் 29 பகுதிச் சூரிய கிரகணம். செப்டம்பர் 7 முழுச் சந்திர கிரகணம், செப்டம்பர் 21 பகுதிச் சூரிய கிரகணம். இரண்டு கொத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பௌர்ணமியும் ஒரு அமாவாசையும். இடையில் வந்த மற்ற எல்லாப் பௌர்ணமியும் நிழலைத் தொடாமலே போய்விட்டன.

---

அலைமுகம்

கொஞ்சம் கிளை தாவுகிறேன். இதே சட்டத்தை வைத்துக் கடல் ஓதமும் (கடல்மட்டம் ஏறி இறங்குவது) சொல்பவர்கள் உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏற்றமும் இறக்கமும் அதிகம், சூரியனும் நிலாவும் ஒரே கோட்டில் இழுப்பதால். "கோட்டில் இல்லை, 5 டிகிரி விலகியிருக்கிறது என்று இப்பத்தானே சொன்னீங்க?" என்று ஒரு பிள்ளை கேட்கும், கேட்க வேண்டும். நிழலுக்கு ஒரு டிகிரி தப்பினாலே போச்சு. இழுவைக்கு 5 டிகிரி ஒரு பொருட்டே இல்லை.

சூரியன் பூமியை இழுப்பது நிலாவின் இழுவையைவிடச் சுமார் 180 மடங்கு. ஆனாலும் ஓதத்தில் சூரியனின் பங்கு நிலாவின் பங்கில் பாதிக்கும் குறைவு. ஓதத்தை உண்டாக்குவது மொத்த இழுவை இல்லை, பூமியின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் உள்ள இழுவை வித்தியாசம். நிலா கிட்டே இருக்கிறது, பூமியின் அகலம் அதன் தூரத்தில் முப்பதில் ஒரு பங்கு. சூரியனுக்கு அது ஏறக்குறையப் பன்னிரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். குளத்திலும் ஏரியிலும் ஓதம் தெரியாததும் ஏறக்குறைய இதனால்தான். இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் வித்தியாசம் வர அகலம் போதாது. வட அமெரிக்காவின் பேரேரிகளிலேயே 5 செ.மீ.-க்குள்தான். கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் 16 மீட்டர் வரை ஏறுவது அந்த விரிகுடாவின் நீளமும் வடிவமும் செய்கிற வேலை.

ஐந்தாம் வகுப்புக்கு இதில் பாதி போதும்.

---

நிழற்கோல்

மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லை. பிறை பூமியின் நிழல் இல்லை என்பதை இருட்டறையில் நிரூபிக்க முயலாதீர்கள், வெயிலுக்கு வாருங்கள்.

பகலில் நிலா தெரியும் நாளாகப் பாருங்கள். வளர்பிறை அரைநிலா என்றால் பிற்பகல் 3, 4 மணிக்குக் கிழக்குப் பாதி வானில் இருக்கும். தேய்பிறை அரைநிலா காலை 8 மணி வாக்கில் மேற்குப் பாதியில். நிலா தெரிகிற திசையில் அதே களிமண் பந்தைக் கை நீட்டி, நிலாவுக்குப் பக்கத்தில் வருமாறு பிடியுங்கள். வெயில் பந்தின் மேல் நேராக விழ வேண்டும், மர நிழலில் நின்றால் நடக்காது. பந்தில் தெரியும் பிறையும் வானத்துப் பிறையும் ஒரே வடிவம், ஒரே சாய்வு.

அப்போது கேளுங்கள்: "பந்தின் இருட்டுப் பக்கத்தில் யார் நிழல் விழுகிறது?" யாருடையதும் இல்லை. அது பந்தின் முதுகு, அவ்வளவுதான். பூமியின் நிழல் எப்போதும் சூரியனுக்கு நேரெதிரே நீள்கிறது. சூரியனும் நிலாவும் ஒரே நேரத்தில் வானத்தில் உயரமாக நிற்கும்போது அந்த நிழல் நம் காலுக்கு அடியில் வேறு பக்கம் கிடக்கிறது, நிலாவை எட்டவே வழியில்லை.

அமாவாசைக்கு மூன்று நாள் முன்னும் பின்னும் இதைச் செய்ய வேண்டாம். பிறை சூரியனுக்கு மிக அருகில் இருக்கும், தேடுகிறேன் என்று பிள்ளைகள் சூரியனையே பார்த்துவிடுவார்கள். அரைநிலாவிலிருந்து அடுத்த நான்கு நாள் (தேய்பிறையில் என்றால் முந்தைய நான்கு நாள்) வசதி.

---

பாடக்குறிப்பு

பந்தைக் களிமண்ணில் மாற்றி, வராந்தாவுக்கு நூலும் அளந்தாயிற்று. அட்டையைத் திருப்பாமல் நடப்பதுதான் பழக வேண்டும். தரையில் நான்கு இடத்திலும் அம்புக்குறியைச் சுண்ணக்கட்டியால் வரைந்துவிட்டால், அட்டையின் அம்பை அதனோடு ஒட்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது.