புதுப்பிப்பு: வீட்டில் கட்டிய காருக்கு வீல் ஸ்டட் கிடைத்துவிட்டது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. சொந்தமாகக் கட்டிய கார். ஹப் (சக்கரம் பொருந்தும் நடுப்பகுதி) எந்த வண்டியுடையது என்பதற்குத் துப்பில்லை. சக்கரத்தை ஹப்போடு பிடிக்கும் மரையாணிதான் ஸ்டட்; அதில் ஒன்று நட்டோடு சேர்ந்து சுற்றுகிறது, மற்றவற்றில் மரை தேய்ந்துவிட்டது. மாற்று எங்கே தேடுவது என்று கேட்டிருந்தேன்.

பலித்தது, வண்டிப் பெயரை விட்டுவிட்டு அளவை வைத்துத் தேடச் சொன்ன யோசனைதான். தயாரிப்பாளர் பட்டியல்கள் அளவு வாரியாகவும் கிடைக்கின்றன. மரையின் விட்டம் 12 மி.மீ., மரைகளுக்கு இடையே 1.5 மி.மீ. என்பது உடனே தெரிந்தது. ஆனால் அந்த அளவில் ஏகப்பட்டவை உண்டு. முடிவு செய்வது, தலைக்குக் கீழே ஹப் துளையைக் கவ்விப் பிடிக்கும் வரிப்பற்களின் விட்டம். சுற்றிய ஸ்டட்டில் பற்கள் மழுங்கியிருந்ததால், இறுகியிருந்த ஒன்றைத் தட்டிக் கழற்றி காலிப்பரில் அளந்தேன்: 14.3 மி.மீ. ஹப் துளை இதைவிட மயிரிழை சிறிதாக இருந்தால்தான் பிடிக்கும். நல்லவேளை, சுற்றிய ஸ்டட்டின் துளையும் பெரிதாகியிருக்கவில்லை.

10.9 என்ற வலிமைத் தரத்தில் வாங்கி, பிரஸ்ஸில் அழுத்திப் பொருத்தினேன். நட்டை முறுக்கியே ஸ்டட்டைத் துளைக்குள் இழுக்கும் குறுக்குவழியையும் சிலர் சொன்னார்கள். புது மரையை முதல் நாளே வதைப்பானேன்?

எதிர்பாராதது ஒன்று: புதிய ஸ்டட்டின் தலை தடிமன் அதிகம். பின் ஹப்பைக் கையால் சுற்றியதும் டிரம் பிரேக்கின் பின்தகட்டில் சர்ரென்று உரசியது. பின்பக்கத்துக்கு மட்டும் மெல்லிய தலை உள்ளவற்றைத் தேடி வாங்க வேண்டியதாயிற்று. வாங்கும்போது தலையின் தடிமனையும் அளந்துவிடுங்கள்.

100 கி.மீ. ஓடிய பிறகு டார்க் ரெஞ்சில் (முறுக்கு விசையை அளக்கும் ஸ்பேனர்) நட்டுகளின் இறுக்கத்தைச் சரிபார்த்தேன். ஒரு நட் சற்றே நகர்ந்தது. பிறகு எதுவும் அசையவில்லை.