உணவகத்தில் பேசும் ஆங்கிலம்: கற்பித்தவர்களும் கற்றவர்களும் கண்ட அனுபவங்கள்

மாலை வகுப்பு ஆசிரியை, மேற்கு மாம்பலம்:

பெரியவர்களுக்கான ஆங்கிலப் பேச்சு வகுப்பை மாலை வேளைகளில் நடத்தி வருகிறேன். மென்பொருள் நிறுவனங்களில் புதிதாகச் சேர்ந்தவர்கள், வங்கிப் பணியாளர்கள், வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளிடம் செல்லவிருக்கும் பெற்றோர் எனப் பலரும் வருகிறார்கள். உணவும் உணவகமும் பற்றிய பாடம் இவர்கள் எல்லோருக்கும் பிடித்ததாக இருக்க வேண்டும். ஆனால் இங்கிலாந்தில் அச்சான பாடநூலை அப்படியே நடத்தினால் கலகலப்பான வகுப்புகூட வாயடைத்துப் போகிறது. ஸ்டார்ட்டர், மெயின் கோர்ஸ், டெசர்ட் என்று உணவு வரிசையாக வரும் என்பதும், ஸ்டேக் என்னும் இறைச்சித் துண்டு எந்தப் பதத்தில் வெந்திருக்க வேண்டும் என்று கேட்பார்கள் என்பதும் பலருக்குப் புதிய செய்திகள். புதிய உணவையும் புதிய வழக்கத்தையும் புதிய மொழியையும் ஒரே வேளையில் சுமத்தினால் யாருக்குத்தான் பேச்சு வரும்?

ஆகவே நான் இட்லியிலிருந்து தொடங்குகிறேன். உணவைப் பற்றி அவர்களுக்கு எல்லாம் தெரியும் என்பதால், தேட வேண்டியது ஆங்கிலம் மட்டுமே என்று ஆகிவிடுகிறது. அரிசி நான்கு பங்கு, உளுந்து ஒரு பங்கு; ஊற வைக்கப்படுகிறது, அரைக்கப்படுகிறது, இரவு முழுவதும் புளிக்க வைக்கப்படுகிறது, ஆவியில் வேக வைக்கப்படுகிறது. இலக்கணப் புத்தகத்தில் பக்கம் பக்கமாகப் பயிற்சி செய்தும் படியாத செயப்பாட்டு வினை, இந்த நான்கு வாக்கியங்களில் இயல்பாக வந்து அமர்கிறது. எப்போதும் பின்வரிசையில் பேசாமல் அமர்ந்திருக்கும் ஒரு பெண்மணி, மார்கழிக் குளிரில் மாவு சீக்கிரம் பொங்காது என்பதைச் சொல்லியே தீர வேண்டும் என்று எழுந்து, “இஃப் தி வெதர் இஸ் கோல்டு, இட் டேக்ஸ் மோர் டைம்” என்றார். நிபந்தனை வாக்கியத்தை நான் அவருக்கு அதுவரை கற்பித்திருக்கவே இல்லை. சொல்ல வேண்டிய செய்தி ஒன்று அவரிடம் இருந்தது, அதற்கான வாக்கியத்தை அவரே கட்டிக்கொண்டார்.

மரியாதையைப் பற்றியும் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது. தமிழில் மரியாதை வினையின் கடைசியில் நிற்கிறது. ‘குடு’ என்பதற்கும் ‘குடுங்க’ என்பதற்கும் உள்ள தூரம் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆங்கில வினையில் அப்படியொரு விகுதி இல்லாததால், நம்மவர் முழுப் பணிவோடு “கிவ் மீ ஒன் காபி” என்று சொன்னாலும் கேட்பவர் காதில் அது அதட்டலாக விழுகிறது. இதை விளக்கிய பிறகு, “கேன் ஐ ஹேவ் எ காபி, ப்ளீஸ்” என்பதை யாரும் மனப்பாட வரியாகக் கருதுவதில்லை. தங்கள் ‘ங்க’ இங்கே வாக்கியத்தின் தொடக்கத்துக்கு இடம் மாறியிருக்கிறது என்று புரிந்துகொண்டு சொல்கிறார்கள்.

உரையாடலை எழுதிக் கொடுத்து வாசிக்கச் சொல்வதை நான் விட்டுவிட்டேன். சர்வராக நடிப்பவருக்கு ஓர் அட்டை: வடை தீர்ந்துவிட்டது, ரவா தோசைக்கு இருபது நிமிடம் ஆகும். வாடிக்கையாளருக்கு வேறோர் அட்டை: ரவா தோசையும் வடையும் வேண்டும், எழும்பூரில் பிடிக்க வேண்டிய ரயிலுக்கு நேரம் நெருங்குகிறது. ஒருவர் அட்டையில் இருப்பது மற்றவருக்குத் தெரியாது. தெரியாததைக் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்னும்போது பேச்சு தானாக நீளுகிறது. பிற ஆசிரியர்களும் மாணவர்களும் தங்கள் அனுபவத்தை எழுதினால் மிகவும் பயனாக இருக்கும்.

ஹோட்டல் பயிற்சியாளர், ஆயிரம் விளக்கு:

மேடம், நான் மேசையின் மறுபக்கத்தில் இருப்பவர்களுக்குக் கற்பிக்கிறேன். திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சிப் பக்கங்களிலிருந்து வந்து உணவகங்களில் பரிமாறும் இளைஞர்கள் அவர்கள். கிரீம்ஸ் சாலைப் பகுதியில் மருத்துவத்துக்காக வங்கதேசம், ஓமன், ஆப்பிரிக்க நாடுகள் ஆகிய இடங்களிலிருந்து வந்து தங்குவோர் நிறைய. அவர்களில் பலருக்கும் ஆங்கிலம் தாய்மொழி அன்று, பரிமாறுபவருக்கும் அன்று. இருவருக்கும் பொதுவாக இருப்பது எளிய ஆங்கிலம் மட்டுமே, அதில் பிழை நேர்ந்தால் பாதிக்கப்படுவது ஒரு நோயாளியின் உடல்.

இந்த இளைஞர்கள் உணவுப் பட்டியலை ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். ஆனால் “இதில் என்ன சேர்த்திருக்கிறீர்கள்?” என்ற கேள்வி வந்தால் தயங்குவார்கள், அல்லது விருந்தினரைத் திருப்திப்படுத்தும் எண்ணத்தில் “நோ ப்ராப்ளம் சார்” என்பார்கள். அந்த “நோ ப்ராப்ளம்” எவ்வளவு ஆபத்தானது என்பதை உணர வைப்பதுதான் என் முதல் பாடம். குருமாவில் முந்திரி அரைத்துச் சேர்ந்திருக்கும், பொங்கலில் நெய்யும் முந்திரியும் இருக்கும், வறுவல் கடலை எண்ணெயில் பொரிந்திருக்கும். ரவை என்பது கோதுமை. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருப்பதால், கோதுமையே இல்லை என்று நாம் நினைக்கும் சாம்பாரும் ரசமும்கூட, கோதுமையிலுள்ள க்ளூட்டன் என்னும் புரதம் ஒவ்வாதவருக்கு ஆகாமல் போகலாம். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகள் ஒவ்வாமை தரும் பொருள்களை 8 வகையாகப் பட்டியலிடுகின்றன: க்ளூட்டன் உள்ள தானியங்கள், இறால் நண்டு வகைகள், பால், முட்டை, மீன், கடலை மற்றும் கொட்டை வகைகள், சோயா, குறிப்பிட்ட அளவுக்கு மேலான சல்பைட் என்னும் பதப்படுத்தும் பொருள். என் வகுப்புச் சுவரில் இந்தப் பட்டியலே ஒட்டப்பட்டிருக்கிறது. சொல்வளப் பாடமும் இதுதான், தொழிற்பாடமும் இதுதான்.

அவர்களுக்கு நான் முதலில் பழக்கும் வாக்கியம் “லெட் மீ செக் வித் தி கிச்சன்” என்பது. என்னிடம் பயின்ற ஒரு தம்பியிடம், கோதுமை அறவே ஒவ்வாத ஒரு பெண்மணி தோசையும் சாம்பாரும் சாப்பிடலாமா என்று கேட்டிருக்கிறார். அவர் அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு உள்ளே சென்று, பெருங்காய டப்பாவையே எடுத்து வந்து, அதன் மேல் அச்சிட்டிருந்த பொருள் பட்டியலை விரல் வைத்துக் காட்டினார். ரவா தோசை ஊற்றும் அதே கல்லில்தான் சாதா தோசையும் ஊற்றுகிறோம் என்பதையும் தானாகவே சொல்லியிருக்கிறார். இறுதியில் அந்தப் பெண்மணி வெறும் சாதமும் தயிரும் வாங்கிக்கொண்டார். அந்தத் தம்பியின் ஆங்கிலத்தில் காலமும் ஒருமை பன்மையும் இன்னும் தடுமாறுகின்றன. எனினும் அவரை வகுப்பின் மிகச் சிறந்த மாணவர் என்றே நான் கருதுகிறேன்.

ஐஇஎல்டிஎஸ் பயிற்றுநர், அண்ணா நகர்:

சுருக்கமாக ஒன்று மட்டும். வெளிநாட்டில் படிக்கவோ குடியேறவோ விரும்புவோர் எழுதும் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பகுதி 11 முதல் 14 நிமிடங்கள் வரை நடக்கும். அதன் இரண்டாம் பகுதியில் ஒரு நிமிடம் தயாரித்துக்கொண்டு, ஒன்று முதல் இரண்டு நிமிடங்கள் வரை தொடர்ந்து பேச வேண்டும். பிடித்த உணவகத்தை விவரிக்கச் சொன்னால் நம் மாணவர்கள் பலரும் ‘ஆம்பியன்ஸ்’, ‘மவுத்வாட்டரிங்’ என்ற ஒரே வரிகளை ஒப்பிக்கிறார்கள். எந்த ஊரின் எந்தக் கடை என்பதே கேட்பவருக்குத் தெரியாது. நான் அவர்களைத் திருவல்லிக்கேணி ரத்னா கபே போன்ற இடத்துக்கு நேரில் சென்று வரச் சொல்கிறேன். 1948இல் தொடங்கிய அந்தக் கடையில் இட்லி சாம்பாரில் மூழ்கும் அளவுக்கு ஊற்றித் தருவார்கள். ஊற்றுபவரின் கை, ஆவி, மேசை கிடைக்கக் காத்திருப்போர் என்று கண்டதைச் சொன்னாலே இரண்டு நிமிடம் போதாமல் போகிறது. சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு ஆகிய நான்குக்கும் சம மதிப்பெண் என்பதால், மனப்பாடச் சொற்களால் ஆகும் பயன் மிகக் குறைவு.

மாணவி, பெரம்பூர்:

வணக்கம். நான் கற்றுக்கொண்டவளாக எழுதுகிறேன். மகள் வீட்டுக்கு அமெரிக்கா செல்வதற்காக அறுபது வயதுக்கு மேல் ஆங்கில வகுப்பில் சேர்ந்தேன். நான் சுத்த சைவம். அங்கே காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் கோழி வேகவைத்த நீரில் செய்திருக்கக்கூடும், தாய்லாந்து உணவில் மீன் சாறு சேரும், மெக்சிகோ உணவகங்களில் பீன்ஸ் மசியலைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவதுண்டு என்று எங்கள் ஆசிரியை முன்கூட்டியே சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வியைப் பழக்கினார். “டஸ் திஸ் சூப் ஹேவ் சிக்கன் ஸ்டாக்?” என்று நானே கேட்டபோது, பரிமாறிய பெண் உள்ளே போய் விசாரித்து வந்து, ஆம் என்று சொல்லி வேறொன்றைக் காட்டினார். மகள் எனக்காகப் பேச வாய் திறக்குமுன் நான் பேசி முடித்திருந்தேன். அதில் எனக்கு உண்டான நிறைவை எழுத்தில் சொல்ல முடியவில்லை.

டிப்ஸ் பற்றியும் வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அங்கே 15 முதல் 20 சதவீதம் வைப்பது வழக்கம். டிப்ஸ் பெறும் பணியாளருக்கு முதலாளி தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி, மத்தியச் சட்டப்படி மணிக்கு 2.13 டாலர்தான். இது தெரியாமல் போயிருந்தால் அந்தப் பெண்ணுக்கு நியாயம் செய்திருக்க மாட்டேன்.

கல்லூரி விரிவுரையாளர், தாம்பரம்:

குறை சொல்லும் மொழியையும் இதில் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. நம் மாணவர்கள் தவறான பில்லைக் கண்டால் பேசாமல் கட்டிவிடுகிறார்கள், அல்லது குரலை உயர்த்திவிடுகிறார்கள். இடைப்பட்ட ஆங்கிலம் அவர்களுக்குக் கிடைத்திருக்கவில்லை. ஆகவே நான் உண்மையான பில்களையே வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்கிறேன். சாதாரண உணவகங்களில் ஜிஎஸ்டி 5 சதவீதம், அது மத்திய, மாநிலப் பங்குகளாகத் தலா 2.5 ஆகப் பிரிந்திருக்கும். சர்வீஸ் சார்ஜ் என்பது பரிமாறியதற்காக உணவகமே சேர்க்கும் தொகை, வரி அன்று. அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது, தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. உரிமை எதுவென்று தெரிந்தவருக்கே நிதானமாகப் பேச வருகிறது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓர் உணவகத்தில், என் மாணவி ஒருவர் “எக்ஸ்கியூஸ் மீ, ஐ திங்க் தேர் இஸ் எ மிஸ்டேக் இன் தி பில். குட் யூ ப்ளீஸ் ரிமூவ் தி சர்வீஸ் சார்ஜ்?” என்று கேட்டிருக்கிறார். மேலாளர் உடனே நீக்கிவிட்டு வேறு பில் கொடுத்தார். இரண்டு பில்களையும் அவர் வகுப்பில் கொண்டுவந்து காட்டிய பிறகு, இந்தப் பாடத்துக்கு யாரும் விடுப்பு எடுப்பதில்லை.

மேற்கு மாம்பலம் மேடம், உங்கள் அட்டைகளை இங்கே பதிவிட முடியுமா? அவற்றோடு பில் தொடர்பான அட்டைகளையும் சேர்த்து, அடுத்த பருவத்தில் என் வகுப்பில் பயன்படுத்த விரும்புகிறேன்.