350 வி8-க்கு ஹெட்டரா, வார்ப்பிரும்பு மேனிஃபோல்டா?

வணக்கம். வண்டி 1970 செவர்லே செவெல்; அதன் புகைக்குழாய் (எக்ஸாஸ்ட்) அமைப்பை மாற்றுகிறேன். 350 கன அங்குல வி8, லேசான கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு; 0.050 அங்குலத் தூக்கலில் 218 டிகிரி), நாலு பேரல் கார்புரேட்டர், ஆட்டோமேட்டிக் கியர். பின்பக்கம் முடிவாகிவிட்டது: இரட்டை 2.5 அங்குலக் குழாய், நடுவில் எச் இணைப்பு (இரண்டையும் சேர்க்கும் குறுக்குக் குழாய்). இந்த இன்ஜினுக்கு 3 அங்குலம் வீண், சத்தம்தான் கூடும்.

குழப்பமெல்லாம் முன்பக்கம். 1⅝ அங்குல விட்டமுள்ள நீளக் குழாய் ஹெட்டர் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் குழாய்) போட்டால் மேல் ஆர்பிஎம்மில் இழுவை கூடும். ஆனால் பிளக் வயர் கருகும், ஸ்டார்ட்டர் சூடேறும், வேகத்தடையில் அடி தட்டும், போல்ட் தளர்ந்து கேஸ்கெட் கசியும். 2.5 அங்குல வாயுள்ள வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் (ஒரு பக்கச் சிலிண்டர்களின் புகையைச் சேர்க்கும் ஒரே வார்ப்பு) இந்தத் தலைவலி குறைவு. ஆனால் பவரில் எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும்?

இரண்டையும் ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்களேன்: ஹெட்டருக்குப் பிறகு கார்புரேட்டர் ஜெட்டை (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளை) எத்தனை அளவு ஏற்றினீர்கள்? 2000 ஆர்பிஎம் பக்கம் காதைக் குடையும் ரீங்காரத்தை எந்த வகை சைலன்சர் அடக்கியது?