எக்செல் மாற்றிய பிறகு மேக்ரோ நிறம் போடவில்லை, கூட்டல் மட்டும் சரியாக வருகிறது

கேள்வி:
வணக்கம். எங்கள் ஜவுளிக் கடைக் கணக்கு இத்தனை வருடம் எக்செல் 2003-ல் ஓடியது. 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது, 5 சதவீத வரியும் 12 சதவீத வரியும் வரும் இடங்களுக்கு ஜிஎஸ்டி5, ஜிஎஸ்டி12 என்று ஆங்கில எழுத்தில் பெயர் வைத்தேன். மாதக் கடைசியில் மேக்ரோவை (வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரலை) ஓட்டினால் அந்த இடங்களுக்கு மஞ்சள் நிறம் போட்டுக் கட்டம் கட்டும். போன வாரம் எக்செல் 2019 போட்டு, கோப்பை மேக்ரோவோடு சேமிக்கும் புது வடிவமான எக்ஸ்எல்எஸ்எம் ஆகச் சேமித்தேன். இப்போது மேக்ரோ பிழை எதுவும் காட்டாமல் ஓடி முடிகிறது, ஆனால் நிறமும் இல்லை, கட்டமும் இல்லை. பிரிண்ட் கொடுத்தால் வெற்றுத் தாளாக வந்துகொண்டே இருக்கிறது. சனிக்கிழமைக்குள் ஆடிட்டரிடம் கொடுக்க வேண்டும், உதவுங்கள்.

பதில் 1:
எக்செலின் பாதுகாப்பு அமைப்பான டிரஸ்ட் சென்டரில் மேக்ரோவை அனுமதித்தீர்களா?

கேட்டவர்:
அனுமதித்துவிட்டேன் சார். பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பை இதே கம்ப்யூட்டரில் திறந்து ஓட்டினால் சரியாக வருகிறது.

பதில் 2:
அப்படியானால் கண்ட்ரோல் எண்ட் அழுத்திப் பாருங்கள், தாளில் பயன்படுத்திய கடைசி இடத்துக்குப் போகும். எந்த நெடுவரிசையில் போய் நிற்கிறது?

கேட்டவர்:
எங்கேயோ வலதுபக்கம் போய்விட்டது. மேலே ஜிஎஸ்டி என்றே எழுத்து இருக்கிறது! நான் அங்கே எதுவும் எழுதவில்லையே.

பதில் 2:
அது யாரும் எழுதியதல்ல, அந்த நெடுவரிசையின் பெயரே அதுதான். அங்கே போய் நிறம் போட்டது மேக்ரோ. 2003-ல் நெடுவரிசை 256 மட்டும், ஐவி-யோடு முடிந்துவிடும். 2007 முதல் 16,384, எக்ஸ்எஃப்டி வரை போகும். அதனால் ஜிஎஸ்டி என்பதும் இப்போது ஒரு நெடுவரிசை, 5,246-வது. நீங்கள் வைத்த ஜிஎஸ்டி5 ஒரு செல்லின் முகவரி ஆகிவிட்டது. கோப்பைப் புது வடிவத்துக்கு மாற்றும்போது எக்செல் உங்கள் பெயருக்கு முன்னால் ஓர் அடிக்கோடு சேர்த்துவிடும். ஃபார்முலாக்களிலும் தானே மாற்றிவிடும், கூட்டல் சரியாக வருவது அதனால்தான். மேக்ரோவுக்குள் மேற்கோள் குறியில் இருக்கும் பெயரை மட்டும் அது தொடாது. மேக்ரோ அந்தத் தூரத்து செல்லுக்குப் போய் மஞ்சள் அடித்துவிட்டு வருகிறது. வெற்றுத் தாள்களும் அதன் விளைவே.

முதலில் கோப்புக்கு ஒரு நகல் எடுங்கள். கண்ட்ரோல் எஃப்3 அழுத்தினால் வரும் பெயர்ப் பட்டியலில், பெயர்களை நடுவில் அடிக்கோடு வரும்படி ஜிஎஸ்டி_5, ஜிஎஸ்டி_12 என்று மாற்றுங்கள். அப்புறம் ஆல்ட் எஃப்11 அழுத்தி மேக்ரோ எழுதும் திரைக்குப் போய், கண்ட்ரோல் எச் (தேடி மாற்றுதல்) கொடுத்து மேக்ரோவிலும் அதே பெயராக்குங்கள். தேடும்போது மேற்கோள் குறியையும் சேர்த்துத் தேடினால் வேறு எதுவும் மாறாது. கடைசியாக, உங்கள் கணக்குக்கு வலதுபக்கம் உள்ள நெடுவரிசைகளை ஜிஎஸ்டி வரை நீக்கிவிட்டுச் சேமியுங்கள்.

கேட்டவர்:
தமிழிலேயே பெயர் வைக்கலாமா அண்ணா?

பதில் 2:
தாளில் வைக்கலாம் தம்பி. ஆனால் மேக்ரோ எழுதும் திரையில் தமிழ் எழுத்து கேள்விக்குறியாகிவிடும், வேண்டாம். இன்னொன்று, மேக்ரோவில் 65536 என்ற எண் இருந்தால் அது பழைய வரிசை எல்லை. அதையும் ரோஸ் டாட் கவுண்ட் (Rows.Count, தாளில் உள்ள மொத்த வரிசை எண்ணிக்கை) என்று மாற்றிவிடுங்கள்.

கேட்டவர்:
நிறம் வந்துவிட்டது, பிரிண்ட் இரண்டே பக்கம். 65536-ம் ஓர் இடத்தில் இருந்தது, மாற்றிவிட்டேன். ரொம்ப நன்றி அண்ணா.